நீந்தத் தெரியாத சங்கு: கடலே இல்லாத ஊருக்குச் சங்கொலி எப்படி வந்தது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, ஒழுங்கு பண்ணியிருக்கோம்.)



கிரிவலம் போனவங்களுக்கு இந்த இடம் தெரியும். 14 கிலோமீட்டர் பாதை. அருணாசலேஸ்வரர் கோவில் மலைக்குக் கிழக்கே இருக்கு. அங்கிருந்து கிளம்பி, மலையை வலமா சுத்திக்கிட்டு மேற்குப் பக்கம் வந்தா அடி அண்ணாமலை. ஒரு கிராமம், ஆதி அருணாசலேஸ்வரர் கோவில், மாணிக்கவாசகருக்குத் தனியா ஒரு கோவில். பூஜை நேரத்துல சங்கு ஊதுற சத்தம் கேட்கும். பாதையோரக் கடைகள்ல ருத்ராட்சத்தோட சங்கும் விற்பாங்க.

ஆனா கடல் எங்க இருக்கு? கிட்ட இருக்கிற கடற்கரைன்னா புதுச்சேரி. கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். அந்தக் கடைகள்ல இருக்கிற சங்குகளோ பெரும்பாலும் அதையும் தாண்டி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மன்னார் வளைகுடாவிலிருந்து வர்றவை. அதே சங்கினத்தை டாக்காவுல வளையலா அறுத்தாங்க. திபெத்திய மடங்கள்ல ஊதினாங்க. சிந்துவெளி நகரங்கள்ல நகையாப் போட்டாங்க.

உலகம் முழுக்க கடல் இருக்கும்போது, இத்தனை பேரும் இந்தியா, இலங்கையைச் சுத்தி இருக்கிற கடலை மட்டும் ஏன் நம்பினாங்க? பக்தி, வணிகம், அரசியல்னு பல பதில் இருக்கு. எனக்குப் பிடிச்ச பதில் வேற. சங்குக் குஞ்சுக்கு நீந்தத் தெரியாது. இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பத்தித்தான்.

ஏரியில் ஒரு சொந்தக்காரன்

முதல்ல ஊர்க்காரனைப் பார்த்துடலாம். திருவண்ணாமலை வட்டாரம் ஏரிகளும் குளங்களும் நிறைஞ்சது. அங்க வாழுற நத்தைக்கு ஒரு விசேஷம்: செவுளும் இருக்கு, நுரையீரல் மாதிரி ஒரு பையும் இருக்கு. தண்ணிக்குள்ளயும் மூச்சு விடும், வெளியிலயும் விடும். கோடையில ஏரி வத்தினா சேத்துக்குள்ள போய், ஓட்டு வாயை மூடியால அடைச்சுக்கிட்டு, அடுத்த மழை வரைக்கும் தூங்கும். இதைத் தின்னே வாழுற பறவைக்கு நம்ம ஊர்ல நத்தைகுத்தி நாரைன்னு பேரு.

நத்தையும் சங்கும் ஒரே பெருங்கூட்டம்: மெல்லுடலிகள். சிப்பி, மட்டி, கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் இதுக்குள்ளதான். பூச்சி, நண்டு, இறால் அடங்கிய கணுக்காலிகளுக்கு அடுத்தபடியா விலங்குலகத்துல அதிக இனங்கள் உள்ள தொகுதி இதுதான். இந்த உறவைப் பழந்தமிழ் கவனிச்சிருக்குன்னு தோணுது. 'நந்து'ங்கிற சொல்லுக்கு நத்தைன்னும் பொருள், சங்குன்னும் பொருள். 'வளை' அதைவிட சுவாரஸ்யம். அது சங்கையும் குறிக்கும், கையில போடுற வளையையும் குறிக்கும். மூலப்பொருளுக்கும் அதிலிருந்து செஞ்ச பொருளுக்கும் ஒரே பேரு.

தொல்காப்பியத்தோட மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையை வச்சுப் பிரிக்குது. புல்லும் மரமும் ஓரறிவு, தொடுஉணர்வு மட்டும். நத்தை, சிப்பி வகை ஈரறிவு, சுவையும் சேருது. எறும்பு வகைக்கு மோப்பமும் உண்டு, அதனால மூவறிவு. ஒரு டேட்டா மாடலா பார்த்தா ரொம்ப அழகானது. ஆனா சங்கைப் பொறுத்தவரை ஒரு திருத்தம் தேவைப்படும். சங்குக்கு மோப்பம் இருக்கு. உடம்பின் முன்பக்கமா நீட்டுற ஒரு குழாய் வழியா தண்ணியை உள்ளிழுத்து, அதுல கலந்திருக்கிற வாசனையை வச்சுத்தான் இரையைத் தேடும். சின்னதா கண்ணும் உண்டு.

பூச்சி மணலில் ஒரு வேட்டைக்காரன்

சங்குன்னா நமக்கு வெள்ளை. கடலுக்குள்ள உயிரோட இருக்கிற சங்கு பழுப்பு நிறம். ஓட்டுக்கு மேல வெல்வெட் மாதிரி ஒரு தோல் போர்த்தியிருக்கும். அதைச் சுரண்டித் தேய்ச்சு எடுத்தாத்தான் கீழ இருக்கிற வெள்ளை தெரியும். ஓடு முழுக்க கால்சியம் கார்பனேட். சுட்டா சுண்ணாம்பாகும், அதுவும் வெள்ளைதான். மூதுரையில மேன்மக்களுக்குச் சங்கை உவமையா வச்சதுக்குப் பின்னால இந்த வேதியியல் இருக்கு.

இதோட அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். 1767ல் லின்னேயஸ் விவரிச்ச இனம். 'பைரம்' பேரிக்காய் வடிவத்தைக் குறிக்கிறது. மெதுவா நகரும், ஆனா சைவம் இல்லை. மணலுக்குள்ள இருக்கிற புழுக்களைத் தேடித் தின்னும். அதனால பாறையில இருக்காது; புழு நிறைஞ்ச மென்மையான மணல்தான் அதோட இடம். குளியாளிகள் அந்த மணலுக்கு வச்ச பேரு 'பூச்சி மணல்'. முத்துச்சிப்பி இருக்கிற கல்தரையைப் 'பார்'னு சொல்வாங்க. பார்ல முத்து, மணல்ல சங்கு. ரெண்டும் ஒரே கடல், ஒரே குளியாளி, ஆனா வேற வேற தரை.

ஆட்டுக்கொம்புக்குள் பிறப்பு

பெண் சங்கு முட்டை போடுற விதம் விநோதமானது. ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி முறுக்கின ஒரு கூட்டை உருவாக்கி, ஒரு முனையை மணல்ல ஊன்றி வைக்கும். உள்ளே அடுக்கடுக்கா அறைகள். ஒவ்வொரு அறையிலும் முட்டைகள். குஞ்சு அந்த அறைக்குள்ளேயே வளர்ந்து, ஓடு கட்டி, சின்னச் சங்காவே வெளிய வந்து அதே மணல்ல ஊர ஆரம்பிக்கும்.

இதுல என்ன ஆச்சரியம்னு கேட்கலாம். கடல்ல வாழுற முதுகெலும்பில்லாத உயிர்கள்ல பலதுக்கும் குழந்தைப் பருவம் ஒரு பயணம். முத்துச்சிப்பி, நட்சத்திரமீன், கடல் அட்டை, பவளம், எல்லாமே கண்ணுக்குத் தெரியாத லார்வாவா தண்ணியில மிதக்கும். நீரோட்டம் எங்க தள்ளுதோ அங்க போய் இறங்கும். அம்மா ஒரு இடம், பிள்ளை வேற இடம். சங்குக்கு அந்தப் பருவமே கிடையாது. பிறந்த மணல்தான் அதுக்கு ஊர்.

அதனாலதான் இது இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் கரைகளை ஒட்டிய கடலோட நின்னுபோச்சு. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை, குஜராத்தின் கட்ச் வளைகுடான்னு அங்கங்க தனித்தனிக் கூட்டங்கள். பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்கோ சீனாவுக்கோ போகலை. உலகத்துக்குச் சங்கு வேணும்னா இங்கதான் வரணும்.

முத்து சூதாட்டம், சங்கு சம்பளம்

இந்த ஒரு வித்தியாசம் பொருளாதாரத்துல என்ன செஞ்சதுன்னு பாருங்க.

மன்னார் வளைகுடான்னதும் எல்லாரும் முத்தைத்தான் சொல்வாங்க. மார்கோ போலோ எழுதினதும் அதைத்தான். ஆனா முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடக்கிற வேலை இல்லை. லார்வா வந்து பார்ல இறங்கணும், மணல் மூடக்கூடாது, மீன் தின்னக்கூடாது, 'சூரன்'னு குளியாளிகள் சொல்ற மட்டிக் கூட்டம் மேல படரக்கூடாது. இத்தனையும் சரியா அமைஞ்சாத்தான் சில வருஷம் கழிச்சு ஒரு முத்துக்குளிப்பு. பல வருஷம் ஒண்ணுமே இருக்காது.

இதை நம்பிப் பணம் போட்டவங்க கதை ஒண்ணு இருக்கு. 1905ல் இலங்கைப் பக்கம் வரலாறு காணாத முத்து அறுவடை. அடுத்த வருஷமே ஒரு ஆங்கிலேயக் கம்பெனி அந்த முத்துப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்கு அப்புறம் சிப்பியே வரலை. 1912ல் கம்பெனியை மூடிட்டாங்க. உச்சத்துல வேல்யுவேஷன் பார்த்து முதலீடு பண்ற கதை நமக்குப் புதுசு இல்லையே! தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல்.

சங்கு அப்படி இல்லை. அது பிறந்த இடத்துலேயே இருக்கும். போன வருஷம் எடுத்த படுகையில இந்த வருஷமும் கிடைக்கும். தண்ணி தெளிஞ்ச மாசங்கள்ல வருஷா வருஷம் சங்குகுளி நடந்துக்கிட்டே இருந்தது. முத்து சூதாட்டம்னா சங்கு மாசச் சம்பளம். அரசர்களோட புகழ்ல முத்து மின்னுச்சு. முத்து இல்லாத வருஷங்கள்ல குளியாளி வீட்ல அடுப்பு எரிஞ்சதுல சங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐயாயிரம் வருஷச் சந்தை

இந்தச் சந்தை எவ்வளவு பழசு? கட்ச் வளைகுடாக் கரையில நாகேஷ்வர், மக்ரான் கரையில பாலாகோட். ரெண்டும் சிந்துவெளிக் காலத்துச் சிப்பி, சங்கு வேலை நடந்த ஊர்கள். அங்க கிடைச்ச வளையல் கழிவுகள்ல முக்கியமானது நம்ம டர்பினெல்லா. அறுத்த துண்டு, பாதி முடிஞ்ச வளையல், தூக்கிப்போட்ட நடுத்தண்டுன்னு ஒரு தொழிற்கூடத்தோட மொத்தக் குப்பையும் மண்ணுக்குள்ள இருந்தது.

தெற்கேயும் இதே தடயம். கீழடி அகழாய்வுல சங்கு வளையல் துண்டுகள் வந்திருக்கு. பாண்டியர் துறைமுகமான கொற்கை சங்க இலக்கியத்துல முத்துக்கும் சங்குக்கும் பேர்போனது. அகநானூற்றின் 24ஆம் பாட்டுல, வேள்வி செய்யாத ஒரு பார்ப்பான் சங்கை அறுத்து வளை செய்யுற காட்சி உவமையா வருது. அதாவது சங்கறுப்பது அன்னைக்குத் தெருவுல பார்க்கக்கூடிய ஒரு வேலை. ஆறாம் நூற்றாண்டுல அலெக்சாண்ட்ரியா வணிகர் காஸ்மாஸ், இந்தப் பக்கத்துத் துறைமுகங்களை வரிசையா சொல்லும்போது, மரல்லோன்னு ஒரு இடத்திலிருந்து சங்கு ஏற்றுமதியாகுதுன்னு குறிக்கிறார்.

பெரிய வாடிக்கையாளர் வங்காளம். அங்க கல்யாணமான இந்துப் பெண் கையில வெள்ளைச் சங்கு வளையல் இருக்கணும். நமக்குத் தாலி மாதிரி. புருஷன் இறந்தா அதை எடுத்துடுவாங்க. ஆனா வங்கக் கரையில இந்தச் சங்குப் படுகைகள் கிடையாது. கங்கை கொண்டுவந்து கொட்டுற சேத்துல பூச்சி மணலுக்கு எங்க போக? ஒரு ஊர்ல தேவை, இன்னொரு ஊர்ல சரக்கு. தெற்கிலிருந்து கப்பல் கப்பலா சங்கு வங்காளத்துக்குப் போச்சு. அறுக்கிறவங்க ஷாங்காரிகள்னு ஒரு சமூகம். தரையில உட்கார்ந்து, பிறை வடிவப் பெரிய ரம்பத்தை இரண்டு கையாலும் பிடிச்சு அறுப்பாங்க. டாக்காவுல ஷாங்காரி பஜார்னு ஒரு தெருவே இருக்கு. 1971 மார்ச் 26ல் பாகிஸ்தான் ராணுவம் தாக்கின தெருக்கள்ல அதுவும் ஒண்ணு.

இப்படி நிலையா வருமானம் தர்ற பொருளை யார் விடுவாங்க? 1530கள்ல முத்துக்குளித்துறைப் பரதவர்கள், கடல் உரிமைக்கான சண்டையில போர்த்துக்கீசியர் பாதுகாப்பைத் தேடி, கூட்டமா கத்தோலிக்கம் தழுவினாங்க. 1658ல் டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சு, முத்தையும் சங்கையும் தங்கள் ஏகபோகமாக்கினாங்க. அப்புறம் ஆங்கிலேயர். கடைசியா நம்ம அரசாங்கம். கொடி மாறிக்கிட்டே இருந்தது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கல்லைக் காலில் கட்டி இறங்கின ஆள் மட்டும் மாறலை: பரதவர், கீழக்கரைப் பக்கத்து இஸ்லாமியக் குளியாளி.

வாசிக்க விரும்புறவங்களுக்கு ஒரு பேர் சொல்றேன்: ஜேம்ஸ் ஹார்னெல். ஆங்கிலேய விலங்கியலாளர், தூத்துக்குடியில முத்து, சங்கு மீன்பிடிப்பைக் கவனிச்ச அதிகாரி. 1914ல் இந்தியாவின் புனிதச் சங்கைப் பத்தி ஒரு முழு நூலே எழுதினார். முட்டைக்கூட்டிலிருந்து வங்காள வளையல் கடை வரைக்கும் அதுல இருக்கு.

வலம்புரி: வலமா, இடமா?

கிரிவலத்துல வர்ற அதே 'வலம்'தான் வலம்புரியிலும். ஆனா இங்க ஒரு வேடிக்கை.

ஒரு சாதாரண சங்கை எடுத்து, சுருள் கூம்பு மேல இருக்கிற மாதிரி, வாய் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடிங்க. வாய் வலது பக்கம் இருக்கும். விலங்கியல் இதை வலச்சுருள்னு சொல்லும். நம்ம மரபோ இதை இடம்புரின்னு சொல்லும். ரெண்டுல எது தப்பு? ரெண்டுமே தப்பில்லை. அதே சங்கைத் தலைகீழா, கூம்பு கீழ இருக்கிற மாதிரி திருப்பினா வாய் இடப்பக்கம் வந்துடும். சங்கு அதேதான், பிடிக்கிற விதம்தான் வேற. அப்போ விலங்கியல் 'இடச்சுருள்'னு சொல்ற அபூர்வ சங்குதான் நம்ம வலம்புரி. திருவிதாங்கூர் அரசு தன் சின்னமா வச்சதும், 1888ல் தபால்தலையில போட்டதும் சங்கைத்தான். அந்த அளவுக்கு மதிப்பு.

எதிர்ச்சுருள் ஏன் வருது? சங்குல இதைச் சோதிச்சுப் பார்க்கிறது கஷ்டம். குளத்து நத்தை ஒண்ணுல நல்லாவே படிச்சிருக்காங்க. அதுல பிள்ளை எந்தப் பக்கம் சுருளும்ங்கிறதைத் தீர்மானிக்கிறது பிள்ளையோட மரபணு இல்லை, அம்மாவோட மரபணு. எல்லா நேரமும் மரபணுதான் காரணம்னும் சொல்ல முடியாது. 2016ல் இங்கிலாந்துல ஜெரமின்னு ஒரு இடச்சுருள் தோட்ட நத்தை பிரபலமாச்சு. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர் அதுக்கு ஜோடி வேணும்னு உலகத்துக்கே வேண்டுகோள் விட்டார். ஜோடியும் கிடைச்சது. பிறந்த குட்டிகளோ சாதாரணச் சுருள். வளர்ச்சியில நடந்த தற்செயல்னு முடிவுக்கு வந்தாங்க.

வாங்கப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் கரையில, மெக்சிகோ வளைகுடா பக்கம், லைட்னிங் வெல்க்னு ஒரு நத்தை இருக்கு. டெக்ஸாஸ் மாநிலத்தோட அதிகாரபூர்வச் சிப்பி. அந்த இனத்துக்கு இயல்பே இடச்சுருள். அதனால அங்க அது அபூர்வம் இல்லை. அதைத்தான் வலம்புரின்னு சொல்லி இங்க விற்கிறாங்க. வாய்க்குள்ள நடுத்தண்டைத் தடவிப் பாருங்க. நம்ம சங்குல மூணு, நாலு வரம்பு தடிப்பா கையில தட்டும். வெல்க்ல அந்த வரம்புகள் இருக்காது.

ஊதினா ஏன் சத்தம்?

சுருக்கமா சொல்லிடறேன். சங்குக்குள்ள இருக்கிறது சுருட்டி வச்ச ஒரு கூம்புக் குழாய். கூம்பு நுனியை அறுத்து உதட்டை வச்சா, உதடு அதிரும், உள்ளிருக்கிற காற்று அதோட சேர்ந்து அதிரும். நாதஸ்வரத்துக்கு இருக்கிற மாதிரி சீவாளி கிடையாது, உதடுதான் சீவாளி. இது நமக்கு மட்டும் தோணின யோசனை இல்லை. பிரான்ஸ்ல மர்சூலா குகையில 1931ல் எடுத்த ஒரு பெரிய கடல் நத்தை ஓடு, பல காலம் அருங்காட்சியகத்துல சும்மா கிடந்தது. மனுஷன் நுனியை உடைச்சு ஊதுகருவி ஆக்கியிருக்கான்னு 2021ல் கண்டுபிடிச்சு, ஊதியும் பார்த்தாங்க. வயசு சுமார் 18,000 வருஷம். அது நம்ம சங்கு இல்லை, வேற இனம்.

ஒரு வளையமும் ஒரு விதியும்

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். நீந்தத் தெரியாததுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு.

ஒரு முத்துப் பார் காலியானா, எங்கிருந்தோ லார்வா மிதந்து வந்து மறுபடி நிரப்ப வாய்ப்பு இருக்கு. கடல் ஒரு பேக்கப் வச்சிருக்கு. ஒரு சங்குப் படுகை காலியானா அப்படி யாரும் மிதந்து வரமாட்டாங்க. பக்கத்துப் படுகையிலிருந்து ஊர்ந்துதான் வரணும். மாசச் சம்பளம் மாதிரி நிலையா இருந்த அதே குணம், ஒருதடவை போனா திரும்பாத குணமாவும் இருக்கு.

ஹார்னெல் காலத்துலேயே இதுக்கு ஒரு விதி இருந்தது. குறுக்களவு இரண்டேகால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 57 மில்லிமீட்டருக்குக் குறைஞ்ச சங்கைக் கடல்லயே திருப்பி விடணும். வங்காளத்துக்கு மணிக்கட்டு நுழையுற பெரிய சங்குதான் வேணும்ங்கிறதால சந்தையும் விதியும் ஒத்துப்போச்சு. சின்னது வளர்ந்து, ஒருதடவையாவது முட்டைக்கூடு ஊன்ற அவகாசம் கிடைச்சது.

இன்னைக்கு நிலைமை வேற. இழுவை மடி மணலைச் சுரண்டிக்கிட்டுப் போகும்போது, ஊன்றி வச்ச முட்டைக்கூடும் சேர்ந்து வந்துடும். அலங்காரப் பொருள் சந்தைக்குச் சின்னச் சங்கும் விலைபோகுது. சங்குகுளித் தொழிலாளர்கள் பலர், மேல படகுல ஓடுற கம்ப்ரஸர்ல இருந்து வர்ற குழாயை வாயில வச்சுக்கிட்டு இறங்குறாங்க. ஒரே மூச்சுங்கிற வரம்பு போயிடுச்சு. அதிக ஆழம், அதிக நேரம். மேல வேகமா வந்தா ரத்தத்துல நைட்ரஜன் குமிழ் கட்டும். வாதம் வரலாம், உயிரும் போகலாம். மனுஷனோட மூச்சு சங்கைக் காப்பாத்திக்கிட்டு இருந்தது, சங்கு கிடைக்கிற ஆழம் மனுஷனைக் காப்பாத்திக்கிட்டு இருந்தது. இப்போ ரெண்டு காவலும் ஒண்ணா தளர்ந்திருக்கு.

குளியாளியைக் குத்தம் சொல்றது சுலபம். கிட்டப் படுகையில கிடைக்கலைன்னா அவர் ஆழத்துக்குத்தான் போகணும். வீட்டு வாடகைக்கு அவருக்கு வேற வழி என்ன? 1986ல் அறிவிச்ச மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவும் அதோட 21 தீவுகளும் சில இடங்களைக் காக்குது. தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க முட்டைக்கூட்டைத் தொட்டியில வச்சுக் குஞ்சு பொரிச்சு, கடல்ல விட்டும் பார்த்திருக்காங்க. அது பலன் தரணும்னா, விட்ட குஞ்சு முட்டை ஊன்றுற வயசு வரைக்கும் அந்த மணல்ல உயிரோட இருக்கணும். மறுபடி அந்தப் பழைய அளவு விதிதான்.

நம்ம ஊர்ல குழந்தைக்குப் பால் புகட்டுற பாலாடைக்கும் சங்குன்னு பேரு. சாவு வீட்டுலயும் சங்கு ஊதுறோம். இந்த ரெண்டுக்கும் நடுவுல அதுக்கும் ஒரு பிறப்பு, ஒரு இடம் இருக்குன்னு நாம யோசிக்கிறதில்லை. அடுத்த தடவை கடையில உள்ளங்கைக்குள்ள அடங்குற குட்டிச் சங்கை அழகா இருக்குன்னு எடுக்கும்போது, குறுக்களவு ஒரு இரண்டேகால் அங்குலமாவது இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அது முட்டை வைக்காமலே கரைக்கு வந்த சங்கா இருக்கலாம். அதோட இடத்துக்கு வேற எங்கிருந்தும் ஒண்ணு நீந்தி வராது.